கேள்வி எண் பதினொன்று

"கடந்த முப்பது நாட்களில்
மனம் விட்டுப் பேச
உங்களுக்கு எத்தனை பேர் இருந்தார்கள்?"

படித்து முடித்துப் பென்சிலை நிமிர்த்துகிறாள் மேரிம்.
விரல்நுனி வெட்டிய கையுறை. சளிபிடித்த மூக்கு.
ஜன்னலுக்கு வெளியே பிஷ்கெக்கின் பிப்ரவரி,
மெத்தடோனுக்கு நிற்கும் வரிசை,
ஆளுக்கொரு வெள்ளை மூச்சு.

ஒருவருமில்லை. ஒருவர் அல்லது இருவர். மூவருக்கு மேல்.
கட்டங்கள் மூன்றுதான்.

மனம் விட்டுப்போன நாட்களைக் கேட்டிருந்தால்
சட்டென்று சொல்லியிருப்பேன்.

ரிம்மா இருக்கிறாள்.
டிராலிபஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள்,
எனக்கு இரண்டு மாடி கீழே.
இரவு பத்துக்கு வெந்நீர்க் குழாயில்
கரண்டியால் இரண்டு தட்டு தட்டுவாள்.
நான் இரண்டு தட்ட வேண்டும்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.
பகலில் பார்த்தால் உருளைக்கிழங்கு விலை.

அக்டோபரில் ஒரு ராத்திரி நான் தட்டவில்லை.
உதடு நீலம் பாரித்துக் குளியலறைத் தரையில் கிடந்தேனாம்.
என் சாவியின் நகல் அவள் கழுத்துக் கயிற்றில் இருந்தது.
வீட்டுச் செருப்போடு ஏறி வந்து
வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே
நலாக்சோன் ஊசி போட்டிருக்கிறாள்.
பத்தொன்பது வருஷத்தில்
என் உடம்பில் ஏறிய ஊசிகளுக்குக் கணக்கில்லை.
அழுதுகொண்டே ஒருவர் போட்டது அது ஒன்றுதான்.

இதை மனம் விட்டுப் பேசுவதில் சேர்க்கலாமா?

மேரிம் தாளைத் திருப்பிப் பார்க்கிறாள்.
விளக்கக் குறிப்பில் குழாய் இல்லை.

அண்ணன் நுர்காஸி என் எண்ணை அழித்துவிட்டான்.
அம்மாவின் நாற்பதாம் நாள்
வாசல் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன்.
ஒரு கிண்ணம் கறி வந்தது, சூடாக,
ஒரு சின்னப் பையன் கையில்.
"நீங்கள்தான் அந்தச் சித்தப்பாவா?" என்றான்.
"அந்த" என்ற சொல்லை
இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன்.

அதிகம் பேசுவது தொக்தோபெக்கிடம்தான்.
எல்லாவற்றையும் சொல்வேன், வெட்கமில்லாமல்.
ஆனால் நவம்பரில் போய்விட்டான்.
தனியாக இருந்தான், கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.
அவனைச் சேர்க்கலாமா?

பென்சிலைக் கடிக்கிறாள். பாவம், சின்னப் பெண்.
"உயிரோடு இருப்பவர்கள் மட்டும், ஐயா."

சரி, நான் ஒன்று கேட்கிறேன்:
நான் யாருக்கு இருக்கிறேன் என்று
உன் தாளில் ஏன் ஒரு கேள்வி இல்லை?

நேற்றிரவு பத்து அடித்தது.
குழாய் பேசவில்லை.
நானே தட்டினேன், இரண்டு.
மறுபடி இரண்டு.
பிறகு எண்ணவில்லை.
ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு
படி தெரியாத இருட்டில் இறங்கி ஓடினேன்.

பல்வலி.
தாடையைச் சுற்றித் துணி கட்டி,
பூனையை மடியில் வைத்துத் தூங்கிப்போயிருக்கிறாள்.
"செத்துத் தொலைந்தேன் என்று நினைத்தாயா, முட்டாளே" என்றாள்.
ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
தேநீர் போட்டேன். குடித்தோம்.
ஒரு வார்த்தை பேசவில்லை.

மேரிம் ஏதோ ஒரு கட்டத்தில் குறி போடுகிறாள்.
எதில் என்று நான் பார்க்கவில்லை.
இன்னும் இருபத்திரண்டு கேள்விகள் இருக்கின்றனவாம்.

கொஞ்சம் சீக்கிரம், பெண்ணே.
ஓஷ் பஜார் மூடுவதற்குள்
கிராம்பு வாங்க வேண்டும்.