இறங்கவும் காசு

திபிலீசியில், க்ல்தானியின் பதினாறு மாடிக் கட்டடத்தில்
லிப்டில் ஏறப் பத்து தெத்ரி.
அது ஊர் வழக்கம்.
இறங்கவும் பத்து தெத்ரி என்பதுதான் வழக்கு.

மூன்றாம் நுழைவாயிலில் மட்டும் அப்படி.
பதினோராம் மாடி நுக்ஸார்
காலையும் மாலையும் நாயைப் படியில் இறக்குகிறார்.
ஒரே பக்கமாய்த் திரும்பித் திரும்பி
சமதரையிலும் அது சாய்ந்தே நடக்கிறது.

குழுத் தலைவி ஜுஜுனா
காசுப் பெட்டியைக் கழற்றிவந்து
என் மேசையில் இருந்த தேநீரைத் தள்ளி வைத்துச் சொன்னாள்:
"இதன் மனதை மாற்றிக் கொடு.
பத்து நாளில் எனக்குத் தேர்தல்."

புரோகிராமரை மாட்டினேன்.
சிப்பே இல்லை என்றது திரை.
கண்ணெதிரே கிடக்கிறது,
பதினெட்டுக் கால்களோடு, செத்த பூரான் மாதிரி.

மின்சாரம் பார்த்தேன்: நாலு புள்ளி எட்டு, போதும்.
கிரிஸ்டல் துடிக்கிறது.
ரீசெட் காலை ஒட்டி ஒரு கண்டென்சர்,
நான் அனுப்பும் பதின்மூன்று வோல்ட்டை
வழியிலேயே குடித்துக்கொண்டிருந்தது.
அதை நெம்பித் தூக்கியதும்
சிப் வாயைத் திறந்தது.
ஐந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள்.
பூட்டு பிட்டை யாரும் சுடவில்லை.
எழுதியவன் மறந்தானா, விட்டுவைத்தானா?

படிக்க விடுகிறது, எழுத விடவில்லை.
அதே முகவரி, அதே பிழை.
இரவு இரண்டு மணிக்குக் கேபிளைத் திட்டினேன்.
கேபிளை மாற்றினேன்.
மாற்றிய கேபிளையும் திட்டினேன்.

பிறகுதான் அதன் முதுகைப் பார்த்தேன்.
இந்தக் குடும்பத்தில் சிலவற்றுக்கு
முதுகில் கண்ணாடிச் சாளரம் உண்டு;
புறஊதா விளக்கடியில் சற்று நேரம் கிடத்தினால்
எல்லாம் மறந்து வெறும் ஒன்றுகளாய் எழும்.
இதற்குச் சாளரம் இல்லை. முழுக்கக் கறுப்பு.
ஒரே முறை சுடுகிற ரகம்.
சுட்ட மண்ணைப் பச்சை மண்ணாக்க
எந்தச் சக்கரத்தாலும் ஆகாது.

பெட்டியின் உள்பக்கம் பென்சிலில் ஒரு பெயர்: அன்ஸோர்.
விசாரித்து எண் வாங்கினேன்.
போலந்தில், லோட்ஸ் நகரத்தில், பால் லாரி ஓட்டுகிறான்.
மூலப் பிரதி இருக்கிறதா?
"விவாகரத்தில் போனது."
இறங்க எதற்குக் காசு வைத்தாய்?
கொஞ்ச நேரம் லாரியின் இரைச்சல் மட்டும்.
"அந்த வாரம்தான் தேயா பெட்டியைக் கட்டினாள்.
சும்மா, ஒரு தடையாக இருக்கட்டும் என்று..."
பிறகு சிரித்தான்.
"அவளிடம் சில்லறை இருந்தது."

இந்தச் சிப்பின் சட்டம் சின்னது.
ஒன்றைச் சுழியாக்கலாம்.
சுழியை ஒன்றாக்க முடியாது.
எரிந்ததை மீட்க வழியில்லை,
இன்னும் கொஞ்சம் எரிக்க வழி உண்டு.
பன்னிரண்டு பிட்டும் சுழியாகிவிட்டால்
அந்தச் சொல்லுக்குப் பொருள்:
ஒன்றும் செய்யாதே, அடுத்ததற்குப் போ.

இருநூற்று முப்பத்தேழாம் சொல்தான்
இறங்குகிறவரிடம் கையேந்துவது.
அதில் ஏழு ஒன்றுகள் மிஞ்சியிருந்தன.
மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழையும் சுட்டேன்.
பிழை என்று திரை சொல்லவில்லை.
ஆறிப்போன தேநீரை நின்றபடியே குடித்தேன்.

மறுநாள் பெட்டியை மாட்டிவிட்டு
ஜுஜுனாவோடு உச்சியிலிருந்து இறங்கினேன்.
நுக்ஸாரின் நாய் பதினோராம் மாடியில் எங்களைப் பார்த்துவிட்டு
படிப்பக்கம் போனது.
லிப்ட் எதுவும் கேட்கவில்லை.
அன்ஸோரின் அந்த இடத்துக்கு வந்ததும்
கண் இமைப்பதற்கும் குறைவான நேரம் சும்மா இருந்துவிட்டு
மேற்கொண்டு போயிருக்கும்.

ஜுஜுனாவின் கைக்குத்தான் சேதி எட்டவில்லை.
பழக்கத்தில் பத்து தெத்ரியைத் துளையில் போட்டுவிட்டது.
பெட்டி வாங்கிக்கொண்டது.
திருப்பித் தர
அதில் ஒரு சொல்கூட இல்லை.