யார் பார்த்தது?

ப்ளோவ்திவ் நகரில் சாவுக்குச் சுவர் வேண்டும்.
செத்தவர் படமும் பெயரும் அச்சிட்ட தாளை
வாசற்கதவில், பேருந்து நிறுத்தத்தில், மரத்தில்
ஒட்டிவிட்டுத்தான் உட்கார்ந்து அழுவோம்.
எதனால் என்று மட்டும் அதில் இருக்காது.

அந்த நவம்பரில் எங்கள் எட்டு மாடிக் கட்டடத்தின்
பக்கச்சுவரில் ராலிட்சா ஏணி சாய்த்தாள்.
ஒரு நுரையீரல், மூன்று ஆள் உயரம்.
கிளைகளின் நுனியில் திராட்சைக் கொத்துகளாய்க் காற்றறைகள்.
ஓரத்தில் நுண்ணோக்கிமேல் குனிந்த பெண்,
முகக்கவசத்துக்கு மேலே தூங்காத கண்.

நான் நான்காவது மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஊசி போட்டுக்கொள்ளவில்லை.
ஏன் என்றால் ஒருநாள் மைத்துனரின் டாக்டர் சொன்னது,
ஒருநாள் என் ரத்த அழுத்தம்.

மறுநாள் காலை நுரையீரலுக்குக் குறுக்கே
சிவப்பில், எழுத்து வழிய:
யார் பார்த்தது?

அழித்துவிடுவாள் என்று நினைத்தோம்.
பெயின்ட் கடை மூடியிருந்ததோ என்னவோ,
கீழே சின்னதாக எழுதினாள்:
நானும் பார்த்ததில்லை. பார்த்தவளை வரைகிறேன்.

அடுத்த இரவு சிவப்பு கேட்டது:
அவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?

மாதம் ஆயிரத்து நூறு லெவா.
என் தங்கை.

அதன்பின் பதினோரு நாள் சுவரில் பேச்சில்லை.
முற்றத்து லிண்டன் மரத்தில் இடமில்லாமல்
தாள்மேல் தாள் ஏறியது.

பன்னிரண்டாம் நாள் ஸ்தாமென் வந்தார்.
இரண்டாம் வாசல்காரர், ஒருகாலத்தில் டிராலி பஸ் ஓட்டியவர்.
பல்லிடுக்கில் ஒட்டுநாடா, கையில் ஒரு தாள்.
மேல்கோட்டின் கைமடிப்பில் காய்ந்த சிவப்பு.
பார்த்தோம். பார்க்காததுபோல் இருந்தோம்.
தாளில் அவர் தம்பி க்ராசிமிர், ஐம்பத்து மூன்று,
ஒரு கெண்டைமீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறான்.

"படத்தை மறைக்காமல் எங்கே ஒட்டலாம்?"

அவள் ஒன்றும் சொல்லாமல் ஏணியை நகர்த்தினாள்.
நுரையீரலின் கீழ்மூலையில் தாளை வைத்து அளந்து
ஒரு செவ்வகம் வெள்ளை அடித்தாள்.
காயட்டும் என்றாள்.
இருவரும் குளிரில் நின்றார்கள்,
ஆளுக்கொரு சிகரெட், ஒரே தீக்குச்சி.

நான் உள்ளே போய் இழுப்பறையில்
ஊசிக்கான பதிவுச்சீட்டைத் தேடினேன்.
மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் கிடந்தது.
போன மாதத் தேதி.

எட்டிப் பார்த்தேன்.
கீழே வெள்ளை இன்னும் காயவில்லை.