இடப்பக்கம் பார்ப்பவள்

கொழும்பு ரயிலில் வந்தது குழாய்.
உள்ளே ஒன்பது தாள், பழைய படங்களின் புதுப் பிரதி.
கறையைக்கூட விடாமல் அச்சடித்திருந்தார்கள்:
யாருடையதோ நூலகத்தில் எப்போதோ ஒழுகிய மழை
நாலாம் தாளின் மூலையில் பழுப்பாய்க் காய்ந்திருந்தது.

பாசிக்குடாவில் புது ஹோட்டல்.
இரண்டாம் மாடி நடைகூடத்துக்கு
மண் நிறத்தில் ஏதாவது கேட்டார்களாம்.
வந்தது ஆபிரிக்கா.

பார் வீதியில் எங்கள் பட்டறை.
பெலிசியன் மரம் அறுப்பார். கண்ணாடி என் பொறுப்பு.
கோடிழுத்து விளிம்பில் வைத்துத் தட்டினால்
கீச்சென்று ஒரு சொல் சொல்லிப் பிரியும்.
பன்னிரண்டு வருடம். விரல்களில் ஏழு தழும்பு.

சுருளாதிருக்க மூலைக்கொன்றாய்
ஆணிப் பெட்டி, சுத்தியல், தேநீர்க் கோப்பை,
பெலிசியனின் மூக்குக்கண்ணாடி.
ஈட்டியோடு ஒருவன்.
நேரே ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை
அதே கிழவன்.
அடியில் வளைந்த எழுத்து, எனக்கு விளங்காத மொழி.
கைபேசியைப் பிடித்தால் தமிழில் சொன்னது:
நதிக்கரை இனத்து ஆண், மாதிரி.
கரையோரப் பெண், இளம் வயது.
மேற்படி, முதுகுப்புறம்.
வரைந்தவனுக்குப் பெயர் இருந்தது.
செதுக்கியவனுக்கு இருந்தது.
அச்சகத்துக்குத் தெரு இலக்கம்கூட.

ஈட்டிக்காரனை வெகுநேரம் பார்த்தார் பெலிசியன்.
"இவன்ட மூக்கு எங்கட எட்வின் மாமாட மூக்கு, புள்ள."
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
கலியாண வீட்டு வயலினுக்கு அவர் ஆடும் கப்ரிஞ்ஞா
எந்தக் கரையில் கப்பலேறிய பெயர் என்று
அன்றுதான் எனக்குத் தோன்றியது.
கேட்கவில்லை.
மரத்தூளை ஊதிவிட்டு வாளை எடுத்தார்.

ஆறாம் தாளில் நான் நின்றுவிட்டேன்.
கழுத்தில் மணி, ஒரு தோளில் துணி.
முழங்கையில் இரண்டு கோடு, ஒன்று பிழை,
அவள் அசைந்திருக்க வேண்டும்.
கண் வரைபவனிடம் இல்லை.
இடப்பக்கம், தாளுக்கு வெளியே,
அவன் வரையாத எதையோ பார்க்கிறாள்.
அழுகிற பிள்ளையாயிருக்கலாம்.
அடுப்பில் ஏதும் அடிப்பிடிக்கிறதோ என்னவோ.

அந்தப் பார்வையை நான் அறிவேன்.
பாடசாலை மைதானம். சுற்றிவளைப்பு.
சிலேட்டில் சோக்கட்டியால் ஓர் இலக்கம்,
நெஞ்சுக்கு நேரே பிடி என்றார்கள்.
பிடித்தேன்.
இஞ்ச பார் என்றார்கள்.
நான் பார்த்தது தண்ணீர்த் தாங்கியில் நின்ற கொக்கை.
அந்தப் படம் எந்த அலுமாரியில் கிடக்கிறதோ,
நூறு வருடம் கழித்து
எந்தச் சுவருக்கு என் நிறம் பொருந்துமோ.

ஹோட்டலை அலங்கரிக்கும் பெண் பேசினாள்:
"கீழ எழுத்து வேணாம், அட்டையால மறைச்சிருங்க,
விருந்தாளிகளுக்கு உறுத்தும்."
மறைத்தேன். கூலி அதற்குத்தான்.
மாதிரி என்ற சொல் மறைந்தபோது நிம்மதியாயிருந்தது.
பிறகுதான் கண்டேன்,
அதை எழுதியவனும் அட்டைக்குள் ஒளிந்துகொண்டான்.

ஆறாம் தாளுக்கு மட்டும்
அட்டையின் ஜன்னலை நடுவில் வெட்டவில்லை.
இடப்பக்கம் மூன்று விரல் கூட்டி விட்டேன்.
வெறும் தாள்,
அவள் கண் போய்ச் சேர.
பெலிசியன் அளவுகோலை வைத்தார்.
"பிழைச்சுப் போச்சு."
"ஓம்."
இன்னும் கொஞ்சநேரம் அளவுகோலைப் பிடித்திருந்துவிட்டு
ஆணி அடித்தார்.

நாங்களே போய்த் தொங்கவிட்டோம்,
கதவுக்கொன்றாய்,
பித்தளை இலக்கங்களின் பக்கத்தில்.
அவளுக்கு இருநூற்று ஆறு.
சட்டம் கோணல் என்றான் மேற்பார்வையாளன்.
"மரம் அப்பிடித்தான், தம்பி" என்றார் பெலிசியன்.

படியிறங்கும்போது திரும்பினேன்.
அவளுக்கு இடப்பக்கம்
தீயணைக்கும் சிவப்பு உருளை,
யாரோ வெளியே வைத்த எச்சில் தட்டு.
இரண்டையும் தாண்டிப் போயிருந்தது கண்.