நாலு கிலோ இருநூறு

டாக்டரம்மா எடை கேட்டார்.
மயக்க மருந்தை எடைக்குத்தான் அளப்பார்களாம்.
சமாதானபுரம் முக்கில்
தவசிக்கனி அண்ணாச்சி கடைத் தராசில்
பல்லாரி அள்ளிய தட்டைத் துடைத்துவிட்டு
பொட்டுவை உட்கார வைத்தேன்.
வால் மட்டும் வெளியே தொங்கிற்று.
'வாலையும் சேத்துப் பிடி தாயி,
அதுக்கும் மருந்து உண்டுல்லா.'
நாலு கிலோ இருநூறு.
சீட்டில் எழுதித் தந்தார்,
விலை போடும் இடத்தில் ஒரு கோடு கிழித்து.

பொட்டை என்று
உழவர் சந்தை வாசலில் யாரோ விட்டுப்போனது.
எடுத்துவந்து
ஓர் எழுத்தை மட்டும் மாற்றிக் கூப்பிட்டோம்.
நாளை வயிற்றைத் திறந்து
குட்டிப் பையை எடுத்துவிடுவார்கள்.

இரவு எட்டுக்கு மேல் சோறு கூடாது.
காலை ஆறுக்கு மேல் தண்ணீர் கூடாது.
இதை எந்த பாஷையில் சொல்ல?
தட்டைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.
ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ,
கேட்காமலே கையை நீட்டினாள்,
சொல்லாமலே உட்கார்ந்தாள்,
தெரிந்த வித்தை இரண்டையும் செய்து முடித்து
மறுபடி தட்டைப் பார்த்தாள்.

அவள் முன்னால் எப்படித் தின்ன?
நானும் செல்வினும் வீட்டைப் பூட்டிக்கொண்டு
திருடர்கள் மாதிரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்
நின்றபடியே புரோட்டா தின்றோம்.
சால்னா வாசம் போக மூன்று தடவை கை கழுவினோம்.
வந்ததும் என் விரல்களை முகர்ந்தாள்,
ஒவ்வொன்றாக.
சுண்டுவிரலில் நெடுநேரம் நின்றாள்.

ஆனி மாசம்.
குற்றாலத்துச் சாரல் இங்கே வந்து சேர்வதற்குள்
ஈரம் உதிர்ந்து வெறும் காற்றாகிவிடும்.
ஜன்னல் அடித்துக்கொண்டே இருந்தது.
எழும்பாவிட்டால்?
ஊசி கூடிப்போனால்?
இத்தனூண்டு வயிற்றில் கத்தி எங்கே இறங்கும்?
பஸ்ஸில் ஒருத்தி சொன்னாள்,
'எங்க சித்தப்பா வீட்டு நாய்க்கும் இதே ஆபரேஷன்தான்…'
முடிவைச் சொல்வதற்குள்
வண்ணாரப்பேட்டை வந்து இறங்கிவிட்டாள்.
அந்த நாய் இன்னும் என்னோடுதான் இருக்கிறது,
பிழைக்காமலும் சாகாமலும்.

மேசைமேல் அந்தத் தாள்.
'உரிமையாளர் ஒப்பம்' என்ற இடத்தில்
மத்தியானமே கிரேஸ்லின் என்று போட்டாயிற்று.
விளக்கணைத்த பிறகுதான் உறைத்தது.
இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்த நாலாம் நாள்
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
எனக்கும் ஒருவர் கையெழுத்துப் போட்டார்.
என்னைக் கேட்டதாக நினைவில்லை.
கேட்டிருக்கலாம்.
அரைத் தூக்கத்தில் நான் தலையாட்டியும் இருக்கலாம்,
இவள் கையை நீட்டுவது மாதிரி.

'தூங்கிட்டீங்களா?'
'இல்ல.'
'அன்னைக்கு என்னை உள்ள கொண்டுபோனப்ப
நீங்க என்ன செஞ்சிய?'
வெகுநேரம் சத்தமில்லை.
தூரத்தில் ஒரு ரயில் போய் முடிந்தது.
'கேன்டீன்ல தோசை தின்னேன்.'
'எத்தனை?'
'மூணு.'
பிறகு, 'ஒரு வடையும்.'

கோபம்தான் வந்திருக்க வேண்டும்.
சிரிப்பு வந்தது. அடக்க அடக்கக் கட்டில் ஆடியது.
அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி,
சிரிக்கலாமா என்று பார்த்துவிட்டு.
கட்டிலடியில் பொட்டு
விடிந்துவிட்டதாக்கும் என்று
வாலைத் தரையில் ஒருதரம் தட்டினாள்.

'நாளைக்கு நீங்க திங்கப்பிடாது.'
'சரி.'
'காப்பி?'
'அவ முழிச்ச பொறவு.'

ஆறு மணிக்குக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.
ராமையன்பட்டிக்கு ஆட்டோ. மடியில் அவள்.
ஒரு ராத்திரிப் பட்டினியில்
நூறு கிராம் குறைந்திருப்பாளோ,
டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டுமோ?
வழியெல்லாம் அதே கணக்கு.
சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

கழுத்துப் பட்டையைக் கழற்றி
என் கையில் தந்துவிட்டுக் கொண்டுபோனார்கள்.
மணி கிணுங்காமலிருக்க
விரலை உள்ளே விட்டுப் பிடித்துக்கொண்டேன்.
கேட்டுக்கு வெளியே ஒரு கடையில்
தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம்.
செல்வின் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.