ஒன்பது வோல்ட்

மூணு மணிக்கு ஒரே ஒரு கீச்.
பல்லி என்று புரண்டு படுத்தேன்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.
தென்மேற்கு மூலை.
லைட்டைப் போட்டு, காலண்டர் அட்டையின் பின்புறம்
பலன் பார்த்தேன்: தன லாபம்.

விடிந்து ஸ்டூல் போட்டு ஏறினால்
பல்லியும் இல்லை ஒன்றும் இல்லை.
கூரையில் கவிழ்த்த வெள்ளைக் கிண்ணம்,
புகை வந்தால் கத்த வேண்டியது,
பாட்டரி தீர்ந்து முனகுகிறது.

எனக்கு மூக்கு போய் நாலு வருஷம்.
அந்தக் காய்ச்சலில் போனது.
எல்லோருக்கும் திரும்பி வந்தது.
அடுப்பில் பால் தீய்ந்து
மாடிப்படி வரை புகை நின்ற மாலை
பக்கத்து அறையில்
ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்
திருத்திக்கொண்டிருந்தேன்.
எதிர்வீட்டு லூர்து மேரி கதவை இடித்தாள்.
மறுநாளே இந்தக் கிண்ணத்தை வாங்கி மாட்டினேன்.

ஸ்கூல் விட்டு மீனாட்சி பஜார்.
சிக்கந்தர் கடைக் கண்ணாடி மேல்
நாலு பாட்டரியை நிறுத்தி வைத்தான்.
"பனி நேரத்துலதான் கத்தும்க்கா,
குளிர்ல அதுக்குத் தெம்பு பத்தாது.
இது முப்பது ரூவா, டார்ச்சுக்கு ஆகும், இதுக்கு வேணாம், கசியும்.
இது சார்ஜ் போடறது, அதுவும் வேணாம்,
கடைசி நாள் வரைக்கும் நல்லாருக்கேன்னு நிக்கும்,
சொல்லாமக் கொள்ளாம விழுந்துரும்."

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும்.
அவனிடம் சொல்லவில்லை.

"லித்தியம் எடுத்துக்கங்க.
மாட்டுனா பத்து வருஷம் அந்தப் பக்கமே திரும்ப வேணாம்."

பத்து வருஷம்.
வில்லாபுரத்தில் என் வீட்டுக்கு
பதினோரு மாத அக்ரிமெண்ட்.
அதற்குள் பென்ஷன் வாங்கியிருப்பேன்,
முழங்கால் ஸ்டூல் ஏறாது.
அப்படியானால் லித்தியம்தான் சரி.
ஆனால் பத்து வருஷம் அண்ணாந்தே பார்க்காத ஒன்றை
எப்படி நம்புவது?

"ஆல்கலைன்?"
"வருஷம் ஒண்ணு. பொங்கலுக்குப் பொங்கல் மாத்திருங்க."

அதை எடுத்தேன்.
நல்லதா என்று பார்க்க, எட்டாம் வகுப்பில் பையன்கள் செய்ததுபோல,
இரண்டு முனையையும் நாக்கில் வைத்தேன்.

சுள்ளென்றது.
புளிப்பா, உப்பா, இரும்பா,
பெயர் தெரியவில்லை.
நாலு வருஷமாய்ச் சாம்பாரும் ரசமும்
வெந்நீரும் ஒன்றாய்க் கிடந்த நாக்கு
திடுக்கிட்டது.
கண்ணில் நீர் முட்டியது.
"ஷாக்கு அடிச்சிருச்சாக்கா?"
சிக்கந்தர் தண்ணி பாட்டிலை நீட்டினான்.

ராத்திரி மாட்டிப் பட்டனை அழுத்தினேன்.
அந்தத் தெருவே விழித்திருக்கும்.
லூர்து மேரி கரண்டியோடு ஓடி வந்தாள்.
"சும்மா, சோதிச்சுப் பார்த்தேன்."
திட்டிவிட்டுப் போனாள்.

பழைய பாட்டரியைக் குப்பையில் போடவில்லை.
தலைமாட்டில் இருக்கிறது.
இப்போதும் நாக்கில் வைத்தால்
கொஞ்சம் உறைக்கிறது.