இரண்டு பேர் எடை

புளியரை செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் என் ஷெட்.
எஸ் வளைவில் இறங்கும் தடி லாரிகளின் பிரேக் வாடை
டீக்குள்ளும் வரும்.

புனலூர் ஈப்பனின் ஸ்பிட்ஃபயர், அறுபத்தேழு மாடல்.
கதவைச் சாத்தினாலே
முன்பக்கம் மூன்று தரம் தலையாட்டியது.

பதினோரு நாள் வேலை.
சுருளை அமுக்கும்போது கிளாம்ப் வழுக்கி
என் காதுக்கு ஒரு சாண் தள்ளி
தகரக் கூரையில் ஓட்டை.
சாரல் இப்போது நேரே ஸ்பானர் பெட்டியில் விழுகிறது.
பழைய புஷ்கள் கருப்பட்டிபோல் உதிர்ந்தன.
புதுசு ஏறுவதற்குச் சோப்புத்தண்ணி, வைஸ், கெட்டவார்த்தை.

கடைசி போல்ட்டுகளை மட்டும்
சக்கரம் தொங்கும்போது இறுக்கக் கூடாது.
இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும்,
ஒரே மாசத்தில் கிழியும்.
வண்டி தரையில் நிற்கணும்,
ஆள் பாரம் உள்ளே இருக்கணும்.

உட்காரச் சொன்னேன்.
ஸ்டியரிங் பக்கம் ஈப்பன்.
இடப்பக்கம், பையை மடியில் வைத்து, ஏலியாம்மா.
வண்டியை அவள் பேருக்குத்தான்
கோர்ட் எழுதிவிட்டதாம். சாவி வாங்க வந்தவள்.

குழிக்குள் நான்.
தலைக்குமேல் ஒரு தகடு, அதற்குமேல் ஒரு பேச்சும் இல்லை.

"அம்மா எத்தனை கிலோ?
குறைந்தால் சிமெண்ட் மூட்டை வைக்கணும்."
ஈப்பன் சொன்னார்: ஐம்பத்திரண்டு.
"அது பழைய கணக்கு" என்றாள்.

எவ்வளவு என்று அவளும் சொல்லவில்லை.
உட்கார்ந்திருந்த பாரத்துக்கு இறுக்கினேன்.

அவள் தனியாக மலை ஏறினாள்.
இடப்பக்கம் ஒரு விரல்கடை நிமிர்ந்தே போனது வண்டி.
ஈப்பன் புனலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.
கூலியை மட்டும்
இரண்டு தரம் எண்ணினார்.