கிலோ கணக்கில் கடல்

கருவாட்டு லொறியில் வந்தது கல்.
ரெஜிபோம் பெட்டி, ஈரப் பத்திரிகை,
உள்ளே பதினோரு கிலோ.
நீர்கொழும்பில் மூடிப்போன அலங்கார மீன் கம்பனி
தொட்டி தொட்டியாக விற்றுத் தீர்த்ததில் என் பங்கு.
"இதுக்கா இவ்வளவு காசு?" என்றார் ரொசைரோ.
"ஆத்துல கெடக்கே, சும்மா."
சொன்னாரே தவிர
இறக்கும்போது இரண்டு கையாலும் இறக்கினார்.

ஆற்றுக் கல் வழவழப்பு.
எதையும் பிடித்து வைக்காது.
இது முழுக்க ஓட்டை.
ஓட்டைக்குள் ஓட்டை,
அதற்குள்ளும் யாரோ குடியிருக்கிறார்கள்.

தலவாக்கலைக் கடைவீதி,
பார்மசிக்கு மேலே என் அறை.
முதல் வாரம் நாறியது.
வழியில் செத்தவை எல்லாம்
ஒவ்வொன்றாகத் தம் சாவை அறிவித்தன.
நிஸாம்தீன் முதலாளி படியேறி வந்து
மூக்கைப் பொத்தியபடி கேட்டார்:
"தங்கச்சி, ஆஸ்பத்திரியில இருந்து
என்னத்தையும் கொண்டு வந்துட்டீங்களா?"

பகலில் ஊராரின் ரத்தத்தைச்
சின்னக் குழாயில் குலுக்குகிறவள் நான்.
இரவில் இந்தத் தண்ணீரைக் குலுக்கினேன்.
எட்டுச் சொட்டு. காத்திரு.
பச்சை என்றால் நஞ்சு.
மஞ்சள் என்றால் மீன் விடலாம்.
ஜன்னலைத் திறந்தால் மலை மலையாகப் பச்சை.
குழாயிலும் அதே பச்சை.
எனக்குப் பச்சை பிடிக்காமல் போனது
அந்த மாதம்தான்.

கண்ணுக்குத் தெரியாதவை
கல்லுக்குள் இருந்து தின்றுகொண்டிருந்தன,
சம்பளம் கேட்காமல், ஓய்வு கேட்காமல்.
(இப்படி எழுதியதும் அடிக்கத் தோன்றியது.
நான் யாருக்குக் கங்காணி?)

இருபத்தாறாம் நாள் மஞ்சள்.

அன்றிரவு
டிக்.
கண்ணாடி விரிகிறதென்று பதறி எழுந்து
நாலு பக்கமும் தடவினேன்.
விரிசல் இல்லை.
மறுபடி, கல்லுக்குள் இருந்து,
டிக்.
யாரோ விரல் சொடுக்குகிறார்கள்.
ஒற்றைக் கை பெருத்த ஒரு இறால் என்று
பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.
அதன் முகத்தை இன்றுவரை பார்த்ததில்லை.
வாடகையும் தருவதில்லை.

தொட்டியில் தண்ணீர் தினமும் ஒரு விரற்கடை குறையும்.
பீலித் தண்ணீரைக் காய்ச்சி வடித்து ஊற்றுவேன்.
உப்புப் போடக்கூடாது.
போவது தண்ணீர் மட்டும்தான்,
உப்பு எங்கும் போகாது.
லாபில் கூட வேலை செய்யும் சுகிர்தா
இதைக் கேட்டு ஏனோ அழுதாள்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனியில் ஒரு ராத்திரி
காற்று மரத்தைச் சாய்த்து வயரை அறுத்தது.
அணைக்கட்டு கூப்பிடு தூரத்தில்,
ஊரெல்லாம் இருட்டு.
சூடேற்றி அணைந்தது. இருபத்தாறு பாகை
இருபத்துநாலு, இருபத்துமூன்று.
நாலாயிரம் அடி உயரத்தில்
ஒரு கடல் விறைக்கத் தொடங்கியது.
தொட்டிக்குக் கம்பளி போர்த்தினேன்.
வெறும் சேலைன் போத்தல்களில் வெந்நீர் நிரப்பி
மிதக்க விட்டேன்.
கேஸ் தீரும் வரை காய்ச்சினேன்.
விடியும்போது இருபது.
பனி ஜன்னலில் ஒட்டியிருந்தது,
உள்ளே வரக் கூச்சப்பட்டதைப் போல.

கரண்ட் வந்தது.
குழாயில் லேசாகப் பச்சை.
ஓட்டை ஒன்றிலிருந்து
நூல் போல ஒரு கை நீண்டு
தண்ணீரைத் தொட்டுப் பார்த்துத் திரும்பியது.
நட்சத்திர மீனின் ஒரு கால்.
அதுவாவது இருக்கிறது.
ஆனால் சொடுக்குச் சத்தம் இல்லை.
அன்றிரவும் இல்லை. மறுநாளும் இல்லை.

பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள்:
"மீன் எங்க?"
இன்னும் வாங்கவில்லை என்கிறேன்.
"அப்ப வெறும் கல்லா?"
அவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்புகிறேன்.

நாலாம் இரவு
பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

டிக்.

வாயில் நுரையோடு
அப்படியே நின்றேன்,
இன்னொரு முறைக்காக.